வெள்ளையாய்த் தெரிந்த கால்

ஏறக்குறைய முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனிதனின் தொடைக்குள் என்ன இருக்கிறது என்று எந்தப் பெண்ணும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. தொடை என்றால் நடக்க, நிற்க, படகில் ஏற. அது இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் இருப்பதைப் படமாகக் காட்டி ஒரு டொக்டர் எனக்கு விளங்கப்படுத்துவார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், உமக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டிருப்பேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. உப்புவெளியில் எங்கள் வீடு. சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்து, தானே ஓட்டி, தம்பியையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு மீன் தொழிலுக்குப் போனவர். போன மாரி தொடங்குகிற நேரம், காற்று ஏறப் போகிறது என்று படகைத் துறைமுகத்தின் உள்பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். அலை படகைத் தூக்கி இறங்குதுறைச் சுவரோடு மோதியது. இடையில் இவருடைய இடது கால் இருந்தது. நான் நகரத்தில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். தம்பி தொலைபேசியில் சொன்னபோது கையில் இருந்த புத்தகங்களை எந்தத் தட்டில் வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்தார்கள். மாரி முழுவதும் கட்டில்தான். வெளியில் மழை கொட்டும், இவர் கூரையைப் பார்த்தபடி கிடப்பார். கழுவுவது, திருப்புவது, தூக்கி இருத்துவது எல்லாம் நான். மழை ஓய்ந்து கடல் அமரத் தொடங்கியபோது எலும்பு பொருந்திவிட்டது என்றார்கள். ஆனால் கால் பொருந்தவில்லை. தொடை பாதியாகச் சுருங்கி, தோல் மட்டும் பெரிதாய்ப்போன சட்டையைப் போலத் தொங்கியது. ஊன்றுகோல் இரண்டும் இல்லாமல் இவரால் வாசல்படி தாண்ட ஏலாது.

இவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. திரும்பக் கடலுக்குப் போக ஏலுமா? சாப்பாடு, மருந்து, நோவு என்று நாங்கள் வேறு எதைப் பேசினாலும் அடியில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் தொழில் நடப்பதே மாரி முடிந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில்தான். தம்பிதான் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னேரங்களில் வந்து முற்றத்தில் நின்று அண்ணனைப் பார்ப்பார், மீன் கொஞ்சம் வைத்துவிட்டுப் போவார். எப்போது வருகிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார். இந்தக் கரையில் அது ஒரு பழக்கம். கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. திரும்பி வந்தவனை எவ்வளவு மீன் பட்டது என்று கேட்கக் கூடாது. பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. நான் கலியாணமாகி வந்த புதிதில் ஒருநாள் விடியப்புறம் வாய் தவறி, "எந்தப் பக்கம் போறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். இவர் திரும்பி உள்ளே வந்து, சாரத்தை மாற்றிக்கொண்டு பாயில் படுத்துவிட்டார். அன்றைக்குத் தொழில் இல்லை. மாமி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் கேள்வி கேட்கிற வாயை நூலகத்திலேயே வைத்துவிட்டு வரப் பழகிக்கொண்டேன். ஒருவர் ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை அதைப் பற்றிக் கேட்பதில்லை. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

இவருடைய இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. படகில் மீன் காட்டுகிற மெசின் ஒன்று இருந்தது. படகின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதைத் திரையில் படமாய்க் காட்டும். கரையில் பலரிடம் அது இருக்கிறது. ஆனால் அதை வாசிக்க இவரைப்போல ஆளில்லை என்று மற்றவர்களே சொல்வார்கள். திரை கறுப்பாக இருந்தால் வெறும் தண்ணீர். வெளிச்சமாய்ப் புள்ளி புள்ளியாய் வந்தால் மீன். அடியில் கெட்டியாய் ஒரு கோடு தெரிந்தால் அது கடலடி. மீன் கூட்டம் மிகவும் அடர்த்தியாய் இருந்தால் அந்த அடிக்கோடே மங்கிப்போகும். அப்படி மங்குகிற இடத்தில்தான் வலையைப் போடவேண்டும் என்பார். கண்ணால் பார்க்கிற கடலையும் கையில் படுகிற காற்றையும் நம்பிய மனிதர், அந்தத் திரை வந்தபிறகு அதைத்தான் முதலில் நம்பினார். கடல் வெறுமையாய்க் கிடக்கிறதே என்று தம்பி சலித்துக்கொண்டால், "நீ தண்ணியைப் பாக்கிறாய், நான் உள்ளுக்குப் பாக்கிறன்" என்பாராம்.

கம்பி வைத்த டொக்டர் எங்களை இன்னொரு இடத்துக்கு அனுப்பினார். நகரத்துக்குள், கடற்கரைத் தெருவிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற சிறிய சிகிச்சை நிலையம் அது. அங்கே தசையை ஸ்கான் பண்ணிப் பார்த்து, எவ்வளவு பலம் இருக்கிறது, எவ்வளவு திரும்பும் என்று சொல்வார்களாம். வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கான்தான். அதைத் தொடையில் வைப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாங்கள் போனபோது, எங்கள் நகரத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் நின்று யாரோ போட்ட மருந்துச் சீட்டைத் தின்றுகொண்டிருந்தது. முச்சக்கரவண்டிக்காரர் அதை விரட்டி இவர் இறங்க வழி விட்டார்.

அங்கே இருந்த டொக்டர் தென்பகுதியிலிருந்து வந்த இளம்பெண். சிங்களம்தான் தாய்மொழி. ஆனால் கஷ்டப்பட்டுத் தமிழ் படித்திருந்தா. ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே நினைத்துக்கொண்டு சொல்வதுபோல மெல்லப் பேசுவா. எனக்கு அவவைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும். யாரையாவது குற்றம் சொல்லி ஆறுவதற்கு நான் ஆசைப்படாத நாளில்லை. ஆனால் அவவின் முகம் நினைவுக்கு வந்தால் அது முடிவதில்லை.

முதலில் கதிரையில் இருத்தி, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னா. இவர் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கணுக்காலில் ஒரு சிறு கருவியை வைத்து, அதை எதிர்த்து உதைக்கச் சொன்னா. இரண்டு காலுக்கும் செய்து ஏதோ குறித்துக்கொண்டா. அதன்பிறகு கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் பேனையால் புள்ளி வைத்து, குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை மெதுவாக வைத்தா. அழுத்தக் கூடாதாம், அழுத்தினால் தசை நசுங்கி மெல்லியதாய்க் காட்டுமாம். நான் தலைமாட்டில் நின்றேன். திரை இவருக்கு நேரே இருந்தது.

திரையைக் கண்டதும் இவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் தொழில் தெரிந்த ஒருவன் வந்து உட்கார்ந்தான். தலையை நிமிர்த்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டொக்டர், இதுவும் சத்தம் போய்த் திரும்பி வாறதோ?"

அவ வியந்துபோய், ஓம், அதே மாதிரித்தான், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டா. இவர் படகில் இருக்கிற மெசினைப் பற்றிச் சொன்னார். அடியில் வளைந்து தெரிந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி, இது கடலடி மாதிரி, இதுதானே எலும்பு என்றார். சரி, எலும்புதான் என்றா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் இப்படிக் கதைத்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது.

டொக்டர் இரண்டு காலையும் பார்த்து முடித்து, இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. ஒன்று கறுப்பாக இருந்தது, உள்ளே மெல்லிய வெள்ளை நூல் ஓடியது, அடியில் எலும்பு பளிச்சென்று தெரிந்தது. மற்றது முழுக்க மாவு தூவியதுபோல வெள்ளை. அதில் எலும்புக் கோடு மங்கிக் கிடந்தது. "பார்த்தா விளங்குது தானே, ஐயா" என்றா. "ஒரு கால் நல்லா இருக்கு. மற்றக் கால் நல்லா இல்லை. நல்லா இல்லாத காலுக்குத்தான் பயிற்சி. ஒவ்வொரு நாளும். மற்றதை விடுங்க, அது தன்ட பாட்டில இருக்கும்."

விளங்குது என்றார் இவர். உண்மையாகவே விளங்கியவனின் குரலில் சொன்னார். எனக்கும் விளங்கியது. எந்தக் கால் நல்லதில்லை என்பதைக் கேட்க வேண்டுமா? வெட்டித் தைத்த தழும்பு இடதில் இருக்கிறது. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவரும் இடது, வலது என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அசட்டுத்தனமாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னா. அதற்குள் தசை பதில் சொன்னால் கடலைப் பற்றி யோசிக்கலாம். சொல்லாமல் இன்னும் கெட்டுப்போனால், இந்த வயதில் பிறகு மீட்பது மிகவும் கஷ்டம், ஊன்றுகோலோடுதான் என்று மறைக்காமல் சொன்னா. இவர் தலையாட்டினார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, "இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும்" என்றார்.

அடுத்த நாளே இவர் ஒரு பையைத் தைத்தார். பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றி, சாரத் துணியில் போட்டு, வலைநூலால் இறுக்கித் தைத்து, கணுக்காலில் கட்ட வார் வைத்தார். கதிரையின் விளிம்பில் இருந்து, அந்தப் பையைக் கட்டிய காலை நேராக நீட்டி, பிடித்து, இறக்கவேண்டும். அதுதான் பயிற்சி. நான் வேலைக்குப் போனபிறகுதான் செய்வார். நான் இருக்கும்போது செய்யச் சொன்னால், "ஆம்பிளை காலாட்டுறது பாக்கிறதுக்கு என்ன கூத்தோ? நீர் போய் பஸ்ஸைப் பிடியும்" என்பார். நான் பின்னேரம் வரும்போது பை சுவரில் ஆணியில் தொங்கும். சட்டை வியர்வையில் நனைந்து காயப் போட்டிருக்கும். ஒவ்வொரு கிழமையும் இரண்டு குண்டு கூடுதலாகச் சேர்த்துத் தைப்பார். பை பெருத்துக்கொண்டே போனது.

எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் பையைக் கையால் தூக்கிப் பார்ப்பேன். அதன் பாரம் எனக்கு ஒரு சந்தோஷம். அந்த நாட்களில் நான் நம்பினேன் என்று சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸில் வரும்போது கடல் தெரிகிற இடத்தில் தலையைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு நம்பினேன். மாரி முழுவதும் அந்தப் பக்கம் நான் திரும்பியதில்லை.

இவரும் கலகலப்பாய் மாறினார். தம்பி வந்தால் படகின் இயந்திரத்தைப் பற்றிக் கதைப்பார். எந்தப் பக்கத்தில் கும்பிளா மீன் ஓடும், பாரை மீன் எப்போது கரைக்கு ஏறும் என்று சொல்லுவார். ஆனால் நடையில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றைக் கைவிட்டுவிட்டு, பாரத்தை இடது காலில் போடப் பார்த்தார். அந்தக் கால் நடுங்கி மடியும். சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கிணற்றடியில் விழுந்தே விட்டார். ஓடிப்போய்த் தூக்கி, சேற்றைக் கழுவி, வாயில் வந்தபடி ஏசினேன். உங்களுக்கு என்ன அவசரம், கடல் வற்றிவிடப் போகிறதா என்று கேட்டேன். இவர் கோபிக்கவில்லை. நிறைந்த படகு திரும்பச் சுணங்கத்தானே செய்யும், மெல்லத்தானே வரும் என்று சிரித்தார். கால் பாரமாய் இருக்கிறது, அது நல்லதுக்குத்தான் என்றார். இவர் பகிடி விடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. விழுந்து கிடந்தும் பகிடி விடுகிற அளவுக்கு மனம் தேறிவிட்டதே என்று நினைத்தேன்.

கச்சான் காற்று நன்றாக அடிக்கிற ஒரு நாளில் திரும்பவும் அந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். தெருவெல்லாம் புழுதி. இவர் மழமழவென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோயிலுக்குப் போகிறவர்போல இருந்தார். டொக்டர் எங்களைக் கண்டு சந்தோஷமாய்ச் சிரித்தா. பையைப் பற்றி நான் சொன்னேன், ஈயக்குண்டு என்றதும் இன்னும் சிரித்தா.

கதிரையில் இருந்து எழும்பச் சொன்னபோது இவர் எழும்பினார். ஆனால் ஒருபக்கமாய்ச் சரிந்து, வலது காலை மட்டும் ஊன்றி எழும்பினார். டொக்டர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டா. காலை உதைக்கச் சொன்னா. வலது காலுக்கு வந்த எண்ணைப் பார்த்துத் திரும்பவும் உதைக்கச் சொன்னா. இடது காலுக்கும் திரும்பத் திரும்பச் செய்வித்தா. 

பிறகு ஸ்கான். இடது தொடையில் கருவியை வைத்தா. திரை வெளுத்தது. முதல்தடவை இருந்ததை விட வெள்ளை. எலும்புக் கோட்டைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. டொக்டர் கருவியின் பிடியைத் தளர்த்தி, திரும்ப வைத்து, இயந்திரத்தில் ஏதோ சரிசெய்து பார்த்தா. அதே வெள்ளை. அவவின் முகம் சுருங்கியது. ஆனால் இவர் கட்டிலில் படுத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் மினுங்கியது.

"பாத்தீரோ? இடது பக்கம் அடைச்சு நிக்குது. அடியே தெரியயில்லை."

டொக்டர் கருவியை எடுத்துவிட்டா. எந்தக் காலுக்கு ஐயா பயிற்சி செய்தீங்க என்று கேட்டா. மெதுவாகத்தான் கேட்டா. எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

இவர் வலது தொடையைத் தட்டினார். "இதுக்குத்தான். நீங்கள் சொன்னபடி ஒரு நாளும் விடயில்லை. இதுதானே வெறுமையாக் கிடந்தது. மற்றது முதல் நாளே நிறைஞ்சு தெரிஞ்சுது."

 டொக்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டா. பிறகு என்னைப் பார்த்து, நான் இடது என்று சொல்லவில்லையா அம்மா என்று கேட்டா. ஒருத்தரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கறுப்பாய்த் தெரிந்த வலது காலை வெறுமை என்றும், வெளுத்த இடது காலை நிறைந்தது என்றும் இவர் படகு மெசினைப்போல வாசித்திருக்கிறார். படகு, கறுப்புத் தண்ணீர், நிறைந்த படகு சுணங்கும் என்ற கதை, கிணற்றடியில் விழுந்தது, எல்லாம். விளங்கிய அந்த நொடியில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இந்த மனுசனுக்குத் தன் காலை விடத் திரையில் அவ்வளவு நம்பிக்கையா என்று கோபம். நொந்தது எந்தக் கால், மடிந்தது எந்தக் கால் என்று உடம்பு நாள்தோறும் சொல்லியிருக்கிறதே.

டொக்டர் விளங்கப்படுத்தினா. நல்ல தசைக்குள் ஒலி தடையில்லாமல் போகும், அதனால் கறுப்பாய்த் தெரியும். தசை செத்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் புகுந்தால் ஒலி சிதறித் திரும்பும், வெள்ளையாய்த் தெரியும். இடது காலில் இருப்பது அதுதான். இதை அவ தமிழில் சொல்லச் சொல்ல, இடையில் சொல் கிடைக்காமல் நின்றா. கடைசியில் நான்தான் சொல்லவேண்டி வந்தது. குனிந்து இவருடைய காதோரம் சொன்னேன். "வெள்ளை எல்லாம் கொழுப்பாம். கறுப்புத்தான் சதையாம். இடது கால்தான் பழுது."

இவர் என்னையும் பார்க்கவில்லை, டொக்டரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். மெசினில் பிழை இருக்குமோ என்று கேட்டார். இல்லை என்றா டொக்டர். இவர் கையை உயர்த்தி அவவை நிறுத்தினார்.

"எங்கட மெசின் பிழையோ எண்டு பாக்கிறதெண்டால், தெரிஞ்ச இடத்துக்கு மேல கொண்டுபோய் வைச்சுப் பாப்பம். கல்லு எங்க இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும். அதைச் சரியாக் காட்டினா மெசின் சரி. இதையும் தெரிஞ்ச இடத்தில வைச்சுக் காட்டுங்கோ."

டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இந்த உலகத்தில் இவருக்கு நிச்சயமாகத் தெரிந்த நல்ல கால் எது? கட்டிலிலிருந்து தூக்கியது, கிணற்றடிக்குத் தாங்கிப் போனது, சேற்றிலிருந்து நிமிர்த்தியது எது? நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, சீலையை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் வரவில்லை. டொக்டர் திரையைத் திருப்பி வைத்து, என் தொடையில் பசையைப் பூசிக் கருவியை வைத்தா. ஐஸ்போலக் குளிர்ந்தது.

திரை கறுத்தது. மேலே ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை. அதற்குக் கீழே கறுப்பு, தடித்த கறுப்பு, அதற்குள் நூல்நூலாய்ச் சில கோடு. அடியில் என் எலும்பு தெளிவாய் வளைந்து நின்றது. உங்கள் வயதுக்கு இது நல்ல தசை அம்மா, நல்ல பலம் என்று டொக்டர் சொன்னா. அந்தப் பலம் எப்படி வந்தது என்று அவவுக்குச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

இவர் கட்டிலின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, நீண்ட நேரம் அதைப் பார்த்தார். கடலில் திரையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார், கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி.

"இவவின்ர காலில ஒண்டுமேயில்லை" என்றார். பிறகு தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டார். "அப்ப நல்ல காலுக்கே செய்துகொண்டிருந்தனான்."

அதில் கேள்வி இருக்கவில்லை. டொக்டர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டா. கடலைப் பற்றி இவர் கேட்கவில்லை, அவவாகவே சொன்னா. ஆடுகிற படகில் நிற்க இந்தக் கால் இனி உதவாது. இடதுக்கு இனிமேல் ஒழுங்காய்ப் பயிற்சி செய்தால் வீட்டுக்குள் ஒரு ஊன்றுகோலோடு நடக்கலாம். அதற்கு மேல் தன்னால் வாக்குத் தர முடியாது. எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டா. தன்னை மன்னிக்கச் சொல்லி இவரிடம் கேட்டா. இவர், "நீங்கள் சரியாத்தான் சொன்னீங்கள், பிள்ளை" என்றார். வண்டியில் வரும்போது என் பக்கம் திரும்பவில்லை. உப்புவெளிச் சந்தி தாண்டும்போது நான் கையைப் பிடிக்கப் போனேன், சாரத்தைச் சரிசெய்வதுபோல எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் தம்பி வந்து முற்றத்தில் நின்றார். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. இவரே சொன்னார், படகை நீயே ஓட்டு என்று.   தம்பி மீனைக் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்த மீனை நான் கழுவி, வெட்டி, குழம்பு வைத்தேன். இவர் சாப்பிட்டார். நாங்கள் அழுது கத்துகிற குடும்பம் இல்லை. ஒருநாள் கத்தியிருந்தால் நல்லதாய் இருந்திருக்குமோ என்று சிலவேளை தோன்றும்.

அதற்குப் பிறகு பயிற்சி இடதுக்குத்தான். பையிலிருந்து ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுத்தார். கடைசியில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு செய்தார். அதற்கே கால் நடுங்கியது. இப்போது நான் பார்க்கிறேன் என்று மறைப்பதில்லை. முன்பெல்லாம் மறைத்தவர். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாலும் வாசலில் கதிரையைப் போட்டு, எனக்கு எதிரே இருந்து காலை நீட்டுவார். கொஞ்சம் ஏறும், நிற்கும், விழும். திரும்ப நீட்டுவார். முகத்தில் ஒன்றும் இருக்காது. திரும்பவும் ஸ்கானுக்குப் போகும் நாள் வந்தபோது, வர மாட்டேன் என்றார். டொக்டருக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். பரவாயில்லை அம்மா, படம் பார்க்காவிட்டாலும் பயிற்சியை விடவேண்டாம் என்றா.

வாடைக்காற்று திரும்பவும் தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இவர் பயிற்சியை முடித்துவிட்டு, துணியைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தார். "இஞ்ச வாரும்" என்றார். போனேன். என் கையைப் பிடித்து, தன்னுடைய இடது தொடையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"அமத்திப் பாரும். ஏதும் இருக்கோ?"

விரலுக்குள் அது நெகிழ்ந்து இறங்கியது. அடியில் கம்பி வைத்த எலும்பு உடனே தட்டுப்பட்டது. இடையில் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. மழை கூரையில் விழத் தொடங்கியது.

"இருக்கு" என்றேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன இருக்கு?"

நான் இன்னொருதரம் அமத்திப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை.